இருந்திருக்கிறது!

விடியற்காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறக்கிறீர்கள். தெருவெல்லாம் ஈரம். வேப்ப மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாய் நீர் வடிகிறது. வாளியைக் கீழே வைத்துவிட்டு என்ன சொல்கிறீர்கள்?

"அடடே, ராத்திரி மழை பெய்திருக்கிறதே!"

"மழை பெய்தது" என்று நீங்கள் சொல்வதில்லை. அப்படிச் சொல்லும் உரிமை திண்ணையில் படுத்திருந்த மாமனாருக்குத்தான் உண்டு. அவர் தூக்கம் வராமல் புரண்டுகொண்டு, ஓட்டின்மேல் மழை விழுந்த ஓசையைக் காதாரக் கேட்டவர். "ஆமாம், இரண்டு மணிக்குப் பெய்தது" என்கிறார். உள்ளே இன்னும் கண் விழிக்காத பிள்ளையாண்டான் ஒருவன் இருப்பானே, அவன் ஈரத்தையும் பார்க்கவில்லை, ஓசையையும் கேட்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "ஜில்லென்று இருக்கிறது, மழை பெய்திருக்கும்" என்கிறான்.

பெய்தது ஒரே மழைதான். ஆனால் கேட்டவருக்கு ஒரு வினைச்சொல், தடயத்தைக் கண்டவருக்கு ஒரு வினைச்சொல், ஊகிக்கிறவனுக்கு ஒரு வினைச்சொல் என்று தமிழ் மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பங்கு வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. தாய்ப்பாலோடு வந்துவிட்டது.

இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது 'இரு' என்ற சின்னஞ் சிறு வினைச்சொல். அதிலும், ஒரு பொருள் நமக்கு முன்பே இருந்தது என்பதைச் சொல்ல அது எப்படியெல்லாம் வேலை செய்கிறது என்பதுதான் விஷயம்.

முன்பே இருப்பதற்கு 'முன்னிருத்தல்' என்று ஒரு சொல்லை அகராதிக்காகச் செய்துகொள்ளலாம். தப்பில்லை. ஆனால், "இந்த அம்மி எனக்கு முன்னிருந்துள்ளது" என்று ஒரு மருமகள் சமையலறையில் நின்று சொன்னால், மாமியார் உடனே வைத்தியருக்குச் சொல்லி அனுப்புவார்! நாம் பேசுகிற தமிழில், "நான் வருவதற்கு முன்னாலேயே இருந்தது" என்றுதான் வரும்.

அந்த 'முன்னால்' என்ற சொல்லும் வேடிக்கையானது. "வீட்டுக்கு முன்னால் கிணறு இருந்தது" என்கிறோம். வாசல் பக்கத்தில் கிணறு இருந்தது என்றும் கொள்ளலாம். வீடு கட்டுவதற்கு முந்தியே கிணறு இருந்தது என்றும் கொள்ளலாம். இடத்துக்கும் காலத்துக்கும் ஒரே சொல். கடந்து போனதை முதுகுக்குப் பின்னே தள்ளாமல், கண்ணுக்கு எதிரே நிறுத்தி வைக்கிற சொல் இது.

இடமும் காலமும் இப்படி ஒன்றாகக் கலந்து கிடப்பதை நேரில் பார்க்க வேண்டுமானால் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஒரு நடை போய் வரவேண்டும்.

* * *

பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் என்று ஒரு கிராமம். அணைக்கட்டு இருக்கிற சாத்தனூர் வேறு, இது வேறு. இங்கே ஓர் ஓடைப் பக்கத்தில் ஒரு மரம் படுத்திருக்கிறது. சுமார் 18 மீட்டர் நீளம்; நம் கணக்கில் 60 அடி. தட்டினால் மரத்தின் ஓசை வராது, கல்லின் ஓசைதான் வரும். மரத்தின் உருவம் மாறாமல் அப்படியே கல்லாகிவிட்ட அடிமரம் அது. பூத்துக் காய்க்கும் மரங்கள் உலகத்தில் பரவுவதற்கு முன்பு தழைத்திருந்த ஊசியிலை மர வகையைச் சேர்ந்தது. வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்குக் குறையாது என்கிறார்கள்.

1940-ஆம் ஆண்டில் இந்த மரத்தைப் பற்றி முதன் முதலாக உலகுக்குத் தெரிவித்தவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். தஞ்சாவூர்க்காரர். பின்னால் 1951-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கே தலைவரானவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1940-இல் அவர் 'கண்டுபிடித்தார்' என்று புத்தகங்களில் எழுதுகிறோம். ஆனால் மரம் அதற்கு முன்பும் அங்கேதான் கிடந்தது. ஆடு மேய்த்த பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றிருப்பார்கள். அவர்கள் கண்ணில் பட்டது ஒரு நீளப் பாறை. கிருஷ்ணன் கண்ணில் பட்டது ஒரு வினைமுற்று: "இங்கே மரம் இருந்திருக்கிறது!"

மரம் மட்டுமா? அது கல்லான கதையைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் கடல் இந்தப் பக்கமெல்லாம் ஏறி வந்து, சாத்தனூருக்கும் மேற்கே சில மைல் தூரம் வரை அலை அடித்தது. கரையில் வளர்ந்த மரங்களை ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து கடலில் தள்ளியது. மரங்கள் கடலடிச் சேற்றில் புதைந்தன. பிறகு கடல் விலகிப் போயிற்று, மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. இப்படிப் பல கோடி ஆண்டுகள் விளையாடிவிட்டுக் கடைசியில் கிழக்கே இன்றிருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று அரியலூரிலிருந்து கடற்கரைக்குப் போகவேண்டுமானால் பஸ் பிடித்து மணிக்கணக்காக உட்கார வேண்டும்.

பழந்தமிழில் கடலுக்கு 'முந்நீர்' என்று ஒரு பெயர் உண்டு. ஆற்று நீர், ஊற்று நீர், மழை நீர் ஆகிய மூன்றும் சேர்ந்தது என்று பொருள் சொல்வார்கள். பழைய உரைகாரர்கள் இன்னொரு பொருளும் சொல்லியிருக்கிறார்கள். நிலத்துக்கு முன்பே இருந்த நீராம்! எது சரி என்று புலவர்கள் வாதாடிக்கொள்ளட்டும். அரியலூர் மண்ணுக்கு மட்டும் இரண்டாவது பொருள் தைத்துப் போட்ட சட்டைபோல் பொருந்துகிறது.

* * *

கடல் இருந்ததற்குச் சாட்சி? ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், அரியலூர் என்று எங்கே நடந்தாலும் சாட்சிகள் காலில் இடறும். சிப்பி, சங்கு, கடல் முள்ளெலி, சுறாவின் பல், ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட 'அம்மோனைட்' கூடு எல்லாம் கல்லாகி மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. அம்மோனைட் என்பது கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான கடல் பிராணி. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் அதன் வம்சமே அற்றுப் போயிற்று.

அது நமக்கு அந்நியமானது என்று எண்ண வேண்டாம். பல வீடுகளில் பூஜை அறையில், வெள்ளிக் கிண்ணத்தில், துளசியோடு இருக்கிறதே சாளக்கிராமம்? நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வரும் அந்தக் கல்லில் சக்கரம் சக்கரமாகத் தெரிவது அம்மோனைட்டின் சுருள்தான். பெருமாளாக வணங்குகிறவர்களுக்குப் பெருமாள். ஆராய்கிறவர்களுக்கு இமயமலை எழும்புமுன் அங்கே இருந்த கடலின் சாட்சி. இரண்டு பேரும் அதைப் பத்திரமாகக் கையாளுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

அரியலூர்ச் சாட்சிகளை 1840களிலேயே சென்னை ராஜதானி அதிகாரிகள் சிலர் பொறுக்கிச் சேர்த்துச் சீமைக்கு அனுப்பினார்கள். பிறகு பிளான்ஃபோர்டு என்பவர் இந்தப் பகுதி முழுவதையும் ஆராய்ந்து, 1862-இல் பாறை அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே சூட்டினார். உலகத்தில் எந்த மூலையில் நிலநூல் படிக்கும் மாணவனும் அந்தப் பெயர்களை, வாய்க்கு வந்தபடியாவது, உச்சரித்துத்தான் ஆகவேண்டும்.

கிடைத்த கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அளந்து, படம் போட்டு, பெயரிட்டவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா. மொராவியாவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த இளைஞர். 1873-க்குள் தென்னிந்தியக் கடற்கூடுகளைப் பற்றி நான்கு பெரிய தொகுதிகள் எழுதி முடித்தார். அடுத்த ஆண்டே, யார்கண்ட் யாத்திரையிலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயரமான மலைப் பாதையில் மூச்சுத் திணறி இறந்து போனார். வயது 36. 'இருந்திருக்கிறது, இருந்திருக்கிறது' என்று ஆயிரக்கணக்கான பக்கங்களில் எழுதி வைப்பதிலேயே அந்தக் குறுகிய வாழ்க்கையின் பெரும் பகுதி கழிந்தது.

* * *

இங்கே சற்று நின்று, சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். இருந்து, இருக்கிறது. ஒரே சொல்லில் 'இரு' இரண்டு முறை வருகிறது. முதல் 'இரு' கடலைப் பற்றியது. அது முடிந்து போன விஷயம். இரண்டாவது 'இரு' தடயத்தைப் பற்றியது. அது இன்றைக்கும் இருக்கிறது. "நான் காசிக்குப் போயிருக்கிறேன்" என்று பாட்டி சொல்லும்போதும் அப்படித்தான். போனது என்றோ, ஆனால் போன புண்ணியமும், கொண்டுவந்த கங்கைச் செம்பும் இன்னும் இருக்கின்றன.

'இருந்தது' என்று சொல்லப் பார்த்தவர் வேண்டும். அல்லது எழுதி வைத்த ஏடு வேண்டும். அரியலூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். அது 2007 நவம்பரில் பிறந்தது. ஆனால் அதற்கு முன்பே ஒரு தடவை இருந்தது! 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரித்தார்கள். 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007-இல் மீண்டும் பிரித்தார்கள். பிறந்தகத்துக்கும் புக்ககத்துக்குமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்த பெண்ணின் கதைதான். ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லை. அரசாங்க உத்தரவு இருக்கிறது. 'இருந்தது' என்று அடித்துச் சொல்லலாம்.

'இருந்திருக்கும்' என்பதோ போர்வைக்குள்ளிருந்து வரும் குரல். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரிப் பக்கம் மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் கிடைத்தன. "டைனோசர் முட்டை!" என்று ஊரெல்லாம் பேச்சு. கூட்டம் திரண்டது, படங்கள் பறந்தன. நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். முட்டையல்ல, கடலடி வண்டல் உருண்டு இறுகிய கல், அம்மோனைட் சம்பந்தப்பட்டது என்று சொல்லிவிட்டார்கள். பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். ஆனால் ஏமாறுவானேன்? முட்டை 'இருந்திருக்கும்' என்ற ஊகம் போய், கடல் 'இருந்திருக்கிறது' என்ற உண்மைக்கு இன்னொரு சாட்சி கிடைத்ததே!

இதற்கு நேர்மாறாகவும் ஒரு கதை நடந்திருக்கிறது. அதுதான் மனத்தை உறுத்துகிறது.

அரியலூர்ப் பக்கத்தில் கல்லமேடு என்ற இடத்தில், ஒரு மாபெரும் பிராணியின் எலும்புகள் கிடைத்தன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1987-இல் அதைப் பற்றி எழுதினார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு ஒன்றின் நீளம் மட்டுமே இரண்டு மீட்டர்! ஓர் ஆள் படுத்தாலும் மிச்சம் இருக்கும். பெயரும் அதற்கேற்றபடி வைத்தார்கள்: 'பிருஹத்காயோசாரஸ்'. பெரிய உடம்புப் பல்லி என்று பொருள். நிலத்தில் நடந்த பிராணிகளில் அதுவே மிகப் பெரியதாக இருக்கலாம், நீலத் திமிங்கிலத்துக்குச் சமமாக நிற்கலாம் என்று கருதுகிறவர்களும் உண்டு.

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. நொறுங்கும் தன்மையுள்ள அவை, மண்ணைவிட்டு வெளியே எடுத்த பிறகு உதிர்ந்து போய்விட்டன. மிஞ்சியவை சில வரைபடங்களும் அந்நாளில் எடுத்த சில புகைப்படங்களும்தாம். அந்தப் படங்களும் 2022-இல்தான் வெளியாயின. இடையில் எத்தனை சந்தேகங்கள்! எலும்பே அல்ல, கல்லான மரமாக இருக்கும் என்று கூடச் சிலர் எழுதினார்கள். எலும்பு கையில் இருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்து போகும் வழக்கு. எலும்பு உதிர்ந்ததும் அந்தப் பிராணியின் வினைச்சொல்லே மாறிவிட்டது. 'இருந்திருக்கிறது' என்று கம்பீரமாக நின்ற ஜீவன் 'இருந்திருக்கும்' என்ற படிக்கு இறங்கிவிட்டது. அதன் உடம்பு போனது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால். அதன் சாட்சி போனது நம் காலத்தில்.

* * *

பொருள் போனாலும் சில இடங்களில் பெயர் சாட்சி சொல்லும். இதே அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. 1025-ஐ ஒட்டி ராஜேந்திர சோழன் அமைத்த தலைநகரம். கோயில் நிற்கிறது, அரண்மனை இல்லை. அந்த இடம் வெறும் மேடாகி, பல நூறு ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. ஆனால் ஜனங்கள் அந்த மேட்டை 'மாளிகைமேடு' என்று சொல்வதை மட்டும் விடவில்லை. மாளிகையைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லாதபோதும் அந்தப் பெயர் வாய்க்கு வாய் வந்துகொண்டே இருந்தது. 1980களில் தொல்லியல் துறையார் அங்கே தோண்டினார்கள். செங்கல் சுவர்கள் வெளிப்பட்டன. பின்னால் நடந்த அகழ்வுகளிலும் சுவர் மேல் சுவராக வந்தது. மாளிகை 'இருந்திருக்கிறது'!

கோயிலின் சுற்று மதிலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அதன் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அணையால் பயிர் விளைந்தது, மறுக்கவில்லை. ஆனால் முன்னே இருந்ததை எடுத்துத்தான் பின்னே வருவதைக் கட்டுகிறோம் என்பதற்கு அது ஒரு பாடம்.

அந்தப் பாடம் இன்றும் அங்கே தினம் நடக்கிறது. அரியலூரைச் சிமென்ட் நகரம் என்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லை வெட்டி, களிமண்ணோடு சேர்த்து, 1,400 டிகிரிக்கு மேல் சூடேற்றி அரைத்தால் சிமென்ட். அந்தச் சுண்ணாம்புக்கல் ஏது? அதே கடலின் சிப்பியும் சங்கும் பவளமும் படிந்து இறுகியதுதான். நகரத்தில் உங்கள் வீட்டுச் சுவரில் அரியலூர்ச் சிமென்ட் இருந்தால், அந்தச் சுவருக்குள்ளே பழைய கடல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிமென்ட் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? வீடும் வேண்டும், பாலமும் வேண்டும், அந்த ஆலைகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் வாழவேண்டும். ஆனால் வெட்டும்போது என்ன வெளிப்பட்டது, எந்த அடுக்கில், எந்த இடத்தில் என்று ஒருவர் பார்த்துக் குறித்து வைப்பதற்கு அதிகச் செலவு ஆகிவிடாது. அரியலூர் அருகே வாரணவாசியில் இதற்கென்றே புதைபடிவ அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டிய இடம். ஒன்று மட்டும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்: வயலிலும் ஓடையிலும் கிடக்கிற கல்லை அழகாயிருக்கிறதே என்று பையில் போட்டுக்கொண்டு வந்தால், வீட்டுக்கு வந்ததும் அது ஊமையாகிவிடும். எந்த ஊர், எந்த மேடு என்ற விவரம் இல்லாத கல், விலாசம் கிழிந்த கடிதம் போல. கண்ட இடத்திலேயே விட்டு, தெரிந்தவர்களுக்குச் சொல்லுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

* * *

"கோடி வருஷக் கதை எங்களுக்கு எதற்கு?" என்று கேட்கலாம். கோடி வருஷம் வேண்டாம். அறுபது, எழுபது வருஷம் பின்னே போனால் போதும்.

பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் பழைய போட்டோ. மடிசாரோ கண்டாங்கியோ கட்டிக்கொண்டு, நாற்காலிப் பிடியில் கை வைத்து நிற்கிற ஒரு பெண். யார்? "தாத்தாவின் அத்தையாக இருக்கும்" என்கிறார் ஒருவர். "இல்லை, மூத்த தாரமாக இருக்கும்" என்கிறார் மற்றவர். வீட்டு ஆண்களின் பெயர்கள் பத்திரத்திலும் பட்டாவிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பதிவாகியிருக்கின்றன. அவர்கள் 'இருந்தார்கள்'. அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் படம். அதன் முதுகில் பெயர் எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் எத்தனை பேருக்குச் சோறு போட்டாளோ, என்ன பாட்டுப் பாடினாளோ, எந்த மருந்தை எந்த விகிதத்தில் இடித்து வைத்தாளோ! கல்லமேட்டுப் பிராணியைப் போலவே அவளும் 'இருந்திருப்பாள்' என்ற படிக்கு இறங்கி நிற்கிறாள்.

இன்றைக்கு வீட்டில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் இருந்தால், மத்தியானம் வேலை ஓய்ந்த பிறகு அந்தப் பெட்டியைக் கீழே இறக்குங்கள். ஒவ்வொரு படத்தையும் காட்டி, "இது யார் பாட்டி? எந்த ஊர்? எந்த வருஷம்?" என்று கேளுங்கள். பதிலைப் படத்தின் பின்புறம் மெல்லப் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும். கைப்பேசியில் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே, அவற்றிலும் முக்கியமான பத்துப் பதினைந்தையாவது அச்சடித்துப் பெயரெழுதி வையுங்கள். பாட்டி ஊறுகாய்க்குச் சொல்லும் 'ஒரு கை உப்பு' எத்தனை கரண்டி என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் பெயரையும் எங்கேயாவது எழுத மறந்துவிடாதீர்கள். நாளைக்கு ஒரு பேத்தி அந்தப் பெட்டியைத் திறந்து, "அட, நம் வீட்டில் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாளே!" என்று சொல்ல வேண்டுமல்லவா?

அடுத்த வாரம் வேறொரு சொல்லோடு பார்ப்போம்.